எதிர்வீட்டுக்குப் போன சூடு

கிளைவ் ஹோஸ்கின் தன் மனைவி க்ளெண்டாவை விட்டுவிட்டு எதிர்வீட்டு ரோண்டாவிடம் குடிபோன குளிர்காலத்தில், க்ளெண்டா வீட்டு ஹீட்டரின் சூடும் அவர் பின்னாலேயே போய்விட்டது. அவர் ஒரு பெட்டியுடன் வாசல் வழியாகப் போனார். சூடு ஜன்னல் வழியாகப் போனது. கான்பெராவின் ஹாக்கெட் பகுதியில் இருக்கிறது எங்கள் தெரு. ஜூலைக் காலைகளில் புல், கார், தபால்பெட்டி எல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது, ஓர் ஆள் படுக்கும் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் ஈரமாகக் கறுத்து, க்ளெண்டாவின் கூடத்து ஜன்னலிலிருந்து ரோண்டாவின் வாசல்வரை நேராக ஓடும். பூனைகள் அதில் சுருண்டு படுக்கும். மேக்பை பறவைகள் அங்கே மட்டும் புழு கிளறும். தபால்காரர் தன் மோட்டார் சைக்கிளை அதன்மேல் நிறுத்தி விரல்களை உதறிக்கொள்வார். இதைப் பற்றி யாரும் க்ளெண்டாவிடம் பேசியதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது?

அவள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. உட்கூரைக்கு மேல் கம்பளிப் பொதி பரப்பினாள், ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டாள், கதவிடுக்குகளை ரப்பர் வைத்து அடைத்தாள். ஹீட்டரைத் திருகத் திருக எதிர்வீட்டில்தான் வியர்த்தது. ரோண்டா குளிர்காலம் முழுக்கக் கையில்லாத சட்டையில் நடமாடுவாள். க்ளெண்டா மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவாள். மூன்றாம் வருடம் அவள் ஹீட்டரை அணைத்துவிட்டாள். எப்படியும் குளிரத்தான் போகிறது, வீணாக எரிவானேன் என்பது கணக்கு. எதிர்வீட்டில் புதிதாக ஒரு ஹீட்டர் வாங்கி வைத்தார்கள். அது சுடரோடு எரிந்தது, ஆனால் சுவரில் மாட்டிய படம் தரும் அளவு சூடுதான் தந்தது. ஆகஸ்டில் கிளைவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆம்புலன்ஸ் வந்தது. மறுநாள் காலை தெருவின் குறுக்கே பட்டை மறுபடி கறுத்துக் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு அவள் ஒரு குளிர்காலமும் ஹீட்டரை அணைக்கவில்லை, அந்த வீட்டாரோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இப்படியே வருடங்கள் போயின. கிளைவின் நுரையீரல் சுருங்கிப் பிராணவாயு இயந்திரத்தோடு ஒண்டிக்கொண்டது. க்ளெண்டாவின் முழங்கால்கள் தேய்ந்தன. நியூகாசிலில் இருக்கும் மகள் டெனீஸ் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு பார்த்துவைத்து, வந்துவிடும்படி ஓயாமல் சொன்னாள். க்ளெண்டா வீட்டை விற்க முடிவு செய்தாள். எங்கள் ஊரில் ஒரு வீட்டை விற்பதாக விளம்பரம் கொடுக்க வேண்டுமென்றால், அது சூட்டை எவ்வளவு தூரம் பிடித்துவைக்கும் என்று சோதித்து இத்தனை நட்சத்திரம் என்று போட்டாக வேண்டும். அந்தச் சோதனைக்கு டெவிட்டா என்ற டோங்கா நாட்டு ஆள் ஜூலையில் ஒரு காலை வந்தார்.

அவர் வாசற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்திக் காற்றை உறிஞ்சிப் பார்த்தார். எங்கும் ஒழுகல் இல்லை. பொதி, கண்ணாடி, ரப்பர் எல்லாம் முதல்தரம். பிறகு சூட்டைப் படம்பிடிக்கும் கேமராவைத் தூக்கினார். சுவர்கள் கருநீலம். ஹீட்டரிலிருந்து மட்டும் ஒரு சிவப்பு நாக்கு கிளம்பி, மூடிய கண்ணாடியை ஊடுருவி வெளியே போனது. கேமராவைப் பிடித்தபடியே அதைத் தொடர்ந்து தெருவைக் கடந்து, ரோண்டாவின் வாசல்வரை போய், அவள் கதவைத் திறந்ததும் மன்னிப்புக் கேட்டுத் திரும்பி வந்தார். எங்கள் தெரு அவ்வளவு காலம் பார்க்காதது போல் இருந்த விஷயத்தை ஓர் அந்நியர் பட்டப்பகலில் நடந்தே காட்டிவிட்டார்.

“சுவத்துல பொத்தல் இல்ல, இடுக்கு இல்ல. ஆனா சூடு நிக்கல. குறை வீட்டுலயா, இல்ல...” என்று அவர் இழுத்தார்.

“இல்ல என்கிட்டயா. அதானே கேக்க வர்றே, தம்பி?” என்றாள் க்ளெண்டா.

வீட்டின் குறை என்றால் நட்சத்திரம் பூஜ்யம், அந்த வீட்டை யாரும் சீந்தமாட்டார்கள். அவர் யோசித்துவிட்டு, அவளை ஹீட்டரை அணைக்கச் சொன்னார். அவள் வெளியே போய்விட வேண்டும், தான் தன் கையால் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றார். அவர் பின்னாலேயே வந்திருந்த ரோண்டாவின் காதில் அது விழுந்துவிட்டது. அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அந்தப் பட்டையின் மீதே நடந்து, கையில்லாத சட்டையோடு வந்து நின்றாள். ஒரு காலத்தில் இருவரும் ஒரே கெட்டிலில் டீ போட்டுக் குடித்தவர்கள்.

“அணைக்காத க்ளெண்டா. அவரு தாங்கமாட்டாரு.”

“பெட்டியோட அவர உள்ள விட்டப்பவே இத யோசிச்சிருக்கணும்டி.”

“எல்லாம்தான் யோசிச்சேன். குளிரும்னு மட்டும் நெனைக்கல.”

க்ளெண்டா ஹீட்டரை அணைத்தாள். தெருவில் நின்றால் எல்லார் கண்ணும் தன்மேல்தான் இருக்கும் என்று காரை எடுத்துக்கொண்டு வடக்கே போனாள். ஜார்ஜ் ஏரிக்கரை வந்ததும் ஓரமாக நிறுத்தினாள். ஏரியில் அந்த வருடம் தண்ணீர் இல்லை. வெளுத்த புல்லும் அதன்மேல் மூடுபனியும்தான்.

இங்கே டெவிட்டா ஹீட்டரை ஏற்றினார். கூடம் சூடாகி, அவர் கோட்டைக் கழற்றி, பிறகு கம்பளிச் சட்டையையும் கழற்றினார். ஜன்னலைத் தாண்டி ஒரு துளி போகவில்லை. எதிர்வீட்டில் குளிர் தரையிலிருந்து ஏறியது. கிளைவின் மூச்சு வெண்புகையாகத் தெரிந்தது. உதடு நீலம் பாய்ந்தது. ரோண்டா வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் அவர்மேல் போட்டு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இயந்திரம் மட்டும் புஸ் புஸ் என்று சத்தம் போட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லி நாங்கள் வேலியோரம் நின்று பேசிக்கொண்டோம். அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏரிக்கரையில் க்ளெண்டாவின் விரல் கார் ஹீட்டரின் திருகில் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. கடைசியில் திருகினாள். காற்றுத் துளையிலிருந்து பனிக்கட்டிபோல் காற்று வந்து அவள் முகத்தில் அடித்தது.

எதிர்வீட்டில் இந்த முறை சூடு சமையலறை ஜன்னல் வழியாக, வடக்கிலிருந்து வந்தது. லேசாகப் பெட்ரோல் வாடை. ரோண்டா எழுந்து திகைத்து நின்றாள். கிளைவ் கண்ணைத் திறக்காமலே, “கார் ஹீட்டர்” என்றார். மூச்சு வாங்கிவிட்டு, “அத அவ முழுசாத் திருகவே மாட்டா. பெட்ரோல் வீணும்பா” என்றார். ரோண்டா முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொண்டாள். அவர் உதட்டில் நிறம் திரும்பிக்கொண்டிருந்தது.

டெவிட்டா தன் அறிக்கையில் வீட்டுக்கு ஆறு நட்சத்திரம் போட்டார். வீட்டில் குறை இல்லை என்பதுதான் அவருக்கு எழுத வேண்டியிருந்தது. மற்றதை எழுத அதில் இடம் கிடையாது. செப்டம்பருக்குள் வீடு விற்றுப்போனது. வாங்கியவர்கள் குளிர் தெரியாத வீடு என்று சொல்லிக்கொள்கிறார்கள், உண்மைதான். வண்டியில் சாமான் ஏறிய அன்று ரோண்டா தன் வாசலில் நின்றாள். க்ளெண்டா கண்ணாடியை இறக்கி, “அவர் மார்ப மூடி வை” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நியூகாசில் கடலோரம். குளிர்காலத்திலும் அங்கே ஒரு ஸ்வெட்டர் போதும். க்ளெண்டா போன கையோடு கடையிலேயே பெரிய ஹீட்டராக ஒன்று வாங்கிக் கூடத்தில் வைத்தாள். டெனீஸ் வந்து ஏற்றினால் அறை சூடாகும். க்ளெண்டா ஏற்றினால் அவளுக்குப் பல் கிட்டும். ஜூன் பிறந்ததிலிருந்து அவளேதான் ஏற்றுகிறாள், மகளைக் கிட்டே விடுவதில்லை. இந்த ஊரில் யாரும் ஹீட்டர் வைத்துக்கொள்வதில்லையே என்று டெனீஸ் கேட்டதற்கு, மேல்கோட்டின் பித்தானைப் போட்டபடி, “எனக்குக் குளுருது” என்றாளாம்.

கிளைவ் இன்னும் இருக்கிறார். நியூகாசிலுக்கும் கான்பெராவுக்கும் நடுவே, கோல்பர்ன் பக்கத்து மேய்ச்சல் வெளிகளில், வடகிழக்கிலிருந்து தென்மேற்காக, வேலிகளையும் ரயில் பாதையையும் பார்க்காமல், உறைபனியில்லாத பட்டை ஒன்று இப்போது போகிறது. ஆடு வளர்க்கும் குடியானவர்கள் முதல் வருடம் அரசாங்கத்துக் குழாய் ஏதாவது அடியில் போகிறதோ என்று தோண்டிப் பார்த்தார்கள். அப்புறம் விட்டுவிட்டார்கள். ஜூலையில் சினையாடுகளை மாலையிலேயே அந்தப் பட்டைக்கு ஓட்டிவிடுகிறார்கள். விடிந்து பார்த்தால் குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, குன்று தாண்டியும் ஒரே கோட்டில் படுத்திருக்கும்.