பதினோரு டிகிரியில் நாகம்மாளின் நெல்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூரிய கடிகாரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், சாலையில் காயவைத்த நெல்மேல் லாரியின் நிழல் விழ, ஒரு பெண் நெல்லை வெயிலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாகம்மாள் என்று பெயர் வைத்து, அவளுக்காக இந்தக் கதையில் ஒரு கடிகாரம் கட்ட வேண்டியதாயிற்று.

2

‘நூறடி நீளத்தில் கம்பீரமாக எழுந்து நின்ற அந்த...’

வேண்டாம். அது எழுந்து நிற்காது. பொறியாளர் வானதியின் தலைவலியே அதுதான். நிழல் தரும் சுவர், ஊரின் அட்சரேகை அளவுக்குத்தான் சாய்ந்து ஏற வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் அது பதினோரு டிகிரி. கட்டச் சொன்ன துரைராசு முப்பது வருஷம் சிங்கப்பூரில் இருந்தவர். பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரிகிற உயரம் கேட்டார்.

“என்னம்மா இது, படுத்துக் கெடக்கு?”

“நம்ம ஊருக்கு இப்படித்தான் சார் இருக்கணும்.”

(இந்தச் சண்டை நான்கு பக்கம் வந்தது. கிழித்துவிட்டேன்.)

3

பிறகு களிமண். மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். சுவர் கொஞ்சம் சாய்ந்தாலும் மணி தப்பும். மணல் தட்டும்வரை வானதி தூண் இறக்கினாள். அப்புறம் நிழல். இவ்வளவு பெரிய கடிகாரத்தில் அதன் ஓரம் அரையடிக்குக் கலங்கிக் கிடந்தது. போதாததற்கு, இந்தியாவின் மணிக்குத் தஞ்சாவூர்ச் சூரியன் மாசியில் அரைமணி பிந்துகிறது. துரைராசு மணிக்கோடுகளைத் தள்ளிப் போடச் சொன்னார். சூரியனைக் கண்டிக்க முடியவில்லையே என்ற கோபம் அவருக்கு.*

* அவரைக் கேலி செய்கிறேன். ஆனால் அவர் ஊருக்கென்று ஏதோ கட்டினார். நான் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

4

திறப்பு விழா மாசியில் ஒரு நாள், பகல் பன்னிரண்டுக்கு. காலையில் வானதி போனபோது மணிக்கோடுகளைக் காணவில்லை. கடிகாரத் தரையின் கிழக்குப் பாதி முழுக்க நெல். அக்கம்பக்கத்தில் இவ்வளவு பெரிய சிமெண்டுத் தரை வேறு கிடையாது. நாகம்மாளின் குத்தகை நிலத்து நெல், மழையில் நனைந்தது. ஈரம் பதினெட்டு சதவீதம். பதினேழுக்கு இறங்கினால்தான் கொள்முதல் நிலையத்தில் எடுப்பார்கள். இன்று மாலையோடு அதை மூடுகிறார்கள்.

துரைராசு போனிலேயே கத்தினார், எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளச் சொல்லி.

நாகம்மாள் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. “நெழலு எப்ப இந்தப் பக்கம் திரும்பும்னு மட்டும் சொல்லும்மா. அதுக்குள்ள நெல்ல மேற்கால தள்ளிக்கிறேன்.”

கட்டிய மூன்று வருஷத்தில் அந்தக் கடிகாரத்திடம் ஒருவர் மணி கேட்டது அதுதான் முதல் முறை.

“பன்னெண்டரைக்குக்கா” என்றாள் வானதி.

5

முடிவு ஒன்று: கலெக்டர் நெல்லைப் பார்த்து நெகிழ்ந்து... (சினிமா. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: திடீரென்று மழை... (வெயிலுக்கு ஏங்குகிறவளுக்கு மழையா? எனக்கே வெட்கமாக இருக்கிறது.)

முடிவு மூன்று: மணி பதினொன்றே முக்கால். நாகம்மாள் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறாள். விழாவுக்கு வருகிறவர்களின் கார்கள் பாபநாசம் தாண்டிவிட்டன. சுவரில் ஒரு துடைப்பம் சாத்தியிருக்கிறது. வானதி செருப்பைக் கழற்றிவிட்டு நெல்லுக்குள் இறங்குகிறாள்.

பெருக்குவதற்கும் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். நெல் காயக் காலால் துழாவிவிடுவதற்கும்தான். எதற்கு என்று நான் எழுதப் போவதில்லை. ஈரம் இன்னும் பதினேழரை. துடைப்பம் உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.