அத்தான் மாட்டிய சிவப்பு விளக்கு

பெரியப்பாவின் மரச்சாமான் பட்டறையில் வார்னிஷ் அறை என் பொறுப்பு. நாளெல்லாம் தின்னர் வாடையில் நிற்பவள் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவள் என்பதை எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். அதனால்தான், தீப்பிடித்தால் எச்சரிக்கும் விளக்கு ஒன்று அங்கே வேண்டும் என்று பெரியப்பா முடிவெடுத்தபோது, வேலை அவருடைய மருமகனுக்குப் போனது. பெரியப்பா மகளான என் அக்காவைக் கட்டியவர், எனக்கு அத்தான். நாலு வீடியோ பார்த்துவிட்டு எந்தத் தொழிலிலும் மேதையாகிவிடுகிற மனுஷன்.

தீயை உணரும் சென்சாரில் மூன்றே கம்பிகள்: கரண்டுக்கு ஒன்று, எர்த்துக்கு ஒன்று, செய்தி சொல்ல ஒன்று. குருட்டு அதிர்ஷ்டத்தில் அவற்றை மைக்ரோகண்ட்ரோலர் என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் சரியாகவே செருகினார். புரோகிராமை எங்கிருந்தோ சுட்டிருந்தார். ஸ்விட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு பளீரென்று எரிந்தது. அறையில் ஒரு பொறி நெருப்பில்லை.

"அத்தான், இந்த சென்சார் சும்மா இருக்கும்போது சிக்னல் அனுப்பிட்டே இருக்கும். தீயைப் பார்த்தாத்தான் நிறுத்தும். நீங்க தலைகீழா எழுதியிருக்கீங்க."

"நீ வார்னிஷைப் பாரும்மா. விளக்கு எரியுதுன்னா எல்லாம் நல்லாயிருக்குன்னு அர்த்தம். பெரிய கம்பெனியில எல்லாம் இதான் முறை."

சொன்னதோடு விடவில்லை. 'சிவப்பு விளக்கு எரிந்தால் பயமில்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். பெரியப்பா பூரித்துப்போனார். அக்கா படம் எடுத்து உறவுக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாள். நான் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன். அந்த அலட்சியத்துக்காக என்மேலும் எனக்கு மரியாதையில்லை.

பன்னிரண்டாம் நாள் மதியம். பக்கத்து அறையில் இரும்புக் கீல் ராவிக்கொண்டிருந்த மெஷினிலிருந்து பொறி தெறித்து, திறந்திருந்த கதவு வழியே வந்து, தின்னரில் நனைந்த துணிக்குவியலில் விழுந்தது. நான் முதுகைக் காட்டி நாற்காலி தேய்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு அணைந்ததை அங்கிருந்த தச்சர் ஒருவர் பார்த்திருக்கிறார். கரண்டு போய்விட்டது என்று நினைத்தாராம். முழங்கையில் சுட்ட பிறகுதான் நான் திரும்பினேன். மணல் வாளியைத் தூக்கிக் கொட்டி அணைப்பதற்குள் சட்டைக் கை கருகிவிட்டது.

எல்லாம் அடங்கியபின் பெரியப்பாவோடு அத்தான் ஓடிவந்தார். என் கையைப் பார்க்கவில்லை. தச்சர் சொன்னதைக் கேட்டு, மறுபடி எரிந்துகொண்டிருந்த விளக்கைத்தான் பார்த்தார்.

"பாத்தீங்களா மாமா! தீப்பிடிச்சப்ப விளக்கு அணைஞ்சிருக்கு! சிஸ்டம் கரெக்டா வேலை செஞ்சிருக்கு!"

எனக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. சென்சாரையும் போர்டையும் விளக்கையும் கழற்றி ஆபீஸ் அறைக்குக் கொண்டுபோனேன். அவருடைய லேப்டாப்பை அவரைக் கேட்காமலே திறந்து, புரோகிராமில் ஒரே ஒரு வார்த்தையை மாற்றி போர்டில் ஏற்றினேன். பெரியப்பா முன்னால் லைட்டரைப் பற்றவைத்து சென்சாருக்கு நேரே நீட்டினேன். விளக்கு எரிந்தது. லைட்டரை அணைத்தேன். விளக்கும் அணைந்தது.

"இதைத்தான் நேத்தே இவகிட்ட மாத்தச் சொன்னேன்" என்றார் அத்தான், கண் இமைக்காமல்.

என் முழங்கையில் மருந்து தடவிக்கொண்டிருந்த அக்கா தலை நிமிரவில்லை.

"நேத்து பூரா நீங்க வீட்டு சோபாவுல குறட்டை விட்டுட்டு இருந்தீங்க."

பெரியப்பா எழுந்துபோய் வார்னிஷ் அறைச் சுவரிலிருந்த தாளைக் கிழித்துக் கசக்கினார். திரும்பி வந்து, வீட்டு மாப்பிள்ளை ஆயிற்றே, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"மாப்பிள்ளை, வாசல்ல மர லோடு வந்திருக்கு. இனிமே இறக்கறதை மட்டும் நீங்க பாத்துக்கோங்க. இந்த அறைப் பக்கம் வேண்டாம்."

அத்தான் போனார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. லாரி டிரைவருக்கு முடிச்சு அவிழ்ப்பது எப்படி என்று அவர் பாடம் எடுக்கும் சத்தம் உள்ளே வரை கேட்டது.