பரிமளாவின் பம்பும் சம்பந்தி வீட்டு இம்பெல்லரும்

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டுப் படகு கடலில் இறங்கும் விதமே தனி. முழங்கால் தண்ணீரிலேயே இன்ஜினை உசுப்பிவிட்டு அலைமேல் ஏறிவிடுவோம். ஆழம்வரை தள்ளிக்கொண்டு போவது எங்களுக்குக் கௌரவக் குறைவு. என் இளைய மகள் பரிமளா, நின்றபடி ஓட்டும் தன் ஜெட் ஸ்கீயையும் அப்படித்தான் இறக்குவாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் பந்தயம். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி வலுவைக் கூட்டியிருந்தோம். ஆனால் வேகத்தை அழுத்தினால் இன்ஜின் அலறியது, வண்டி நகரவில்லை. பம்புக்குள் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிற இம்பெல்லர் போதவில்லை, இலைகளில் முறுக்கு அதிகமுள்ளது வேண்டும் என்றார் மெக்கானிக் ஜெபக்குமார்.

செய்தி என் மூத்த மகள் ரத்னாவின் மாமனார் திருவேங்கடத்துக்கு எட்டியது. அவருடைய இளைய மகன் ஹேமந்தும் அதே பந்தயத்தில் ஓட்டுகிறவன். அவன் கழற்றிப் போட்ட இம்பெல்லர் ஒன்றை அனுப்பி, சின்னப் பெண்ணுக்கு இது போதும் என்று சொல்லிவிட்டிருந்தார். அப்படிப்பட்ட முறுக்குள்ள இலைதான். ஆனால் பெண் கொடுத்த வீட்டிலிருந்து சீர் போகும், வராது. அதை மாட்டி ஜெயித்தால் பெயர் அவர்களுக்கு. மாட்டாமல் தோற்றால் ரத்னா அந்த வீட்டில் வருஷம் முழுக்கப் பேச்சுக் கேட்பாள்.

"மாட்டினா இன்னா அண்ணாத்த? பம்புக்குள்ள கீறத யாரு பாக்கப் போறா?" என்றார் ஜெபக்குமார்.

"நான் பாப்பேன்."

பரிமளா பம்பைப் பிரித்தாள். இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் வளையத்தின் உட்புறத்தில் நகத்தை ஓட்டினாள். நகம் கீறல்களில் சிக்கிச் சிக்கிப் போனது.

"இம்பெல்லர நொட்ட சொல்லாதீங்க நைனா. ரிங்க மணலு தின்னுக்கீது. நம்ம ஆளுங்க மாதிரி முட்டிக்கால் தண்ணில ஸ்டார்ட் பண்ணா மணலயும் சேத்துத்தான் உறிஞ்சும். இதுல எத்தப் போட்டாலும் இடுக்குல தண்ணி வழுக்கிக்கினு பூடும்."

ஜெபக்குமார் சென்னையிலிருந்து புது வளையம் வரவழைத்தார். இம்பெல்லரைத் தேர்ந்தது நான். முறுக்கு அதிகமான இலை நேர் ஓட்டத்தில்தான் வேகம் காட்டும், புறப்படும்போது திணறும். பந்தயத்தில் சுற்றித் திரும்ப வேண்டிய முதல் மிதவையோ கூப்பிடு தூரம். எங்களுடைய பழைய இம்பெல்லரே போதும் என்றேன். சம்பந்தியுடையதை நன்றாகத் துடைத்து, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு திருப்பி அனுப்பினேன். மரியாதையில் குறை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மார்பளவு தண்ணீர் வரும்வரை இன்ஜினைத் தொட மாட்டேன், யாராவது தள்ளுங்கள் என்றாள் பரிமளா. ஊரே பார்க்கிறதே என்று என் தம்பி மக்கள் கூசி நின்றார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டி, பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளினேன். கரையில் சிரிப்பு எழுந்தது.

"இன்னா சம்பந்தி, கிளம்பறதுக்குள்ளயே வண்டி படுத்துக்கிச்சா?" திருவேங்கடத்தின் குரல்.

"பாத்துக்கினே இருங்க."

கொடி விழுந்தது. பம்ப் தண்ணீரைக் கவ்விக்கொண்டது. பரிமளா முதல் மிதவையைத் திரும்பும்போது அவளுக்குப் பின்னால் எழுந்த சாரலுக்குள் இருந்தான் ஹேமந்த். கடைசிவரை அங்கேதான் இருந்தான்.

மாலையில் நடந்த இரண்டாவது ஓட்டத்துக்கும் நானே தள்ளினேன். இப்போது தம்பி மக்கள் ஓடி வந்தார்கள். தேவையில்லை என்று சொல்லிவிட்டேன்.