செவ்வாய்க் கிரகத்துக் கடைமடை

செவ்வாய்க் கிரகத்தில் வாய்க்கால் இருக்கிறது என்ற சேதி 1909ஆம் வருஷம் ஆவணி மாசம் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தது. படித்தவர்கள் எல்லாரும் பூரித்துப் போனார்கள். ஜெபநல்லூர் சாரம்மாளுக்கு மட்டும் வயிறு எரிந்தது. அவள் ஊர் அங்கிருந்து ஐந்தே மைல். அந்த ஊர் வாய்க்காலில் தாமிரபரணித் தண்ணீரைக் கண்டு பதினெட்டு நாளாகிறது. கார் நெல் கதிர் வாங்கும் நேரம். இன்னும் நாலு நாளில் தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதர்தான்.

காரணம் ஊரறிந்தது. மேல்மடைப் பண்ணையார் வாய்க்காலின் குறுக்கே பலகை போட்டு அடைத்து, வருகிற தண்ணீரையெல்லாம் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டார். பலகைக்குக் காவல் சுடலையாண்டி என்ற தடியனும் அவனோடு மூன்று பேரும். சாரம்மாள் வாய்க்கால் ஓவர்சியருக்கு மனுப் போட்டாள். வரைபட நகல் ஒன்றோடு பதில் வந்தது. படத்தில் வாய்க்கால் ஜெபநல்லூர் வரை போகிறது. ஆகவே தண்ணீரும் போகிறது. ஆகவே மனு பொய். அடேயப்பா, என்ன தர்க்கம்! மனுஷர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே ஊர் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சிவிட்டார்.

அவளுடைய தம்பி தேவசிகாமணி பாளையங்கோட்டையில் விஞ்ஞான வாத்தியார். சனிக்கிழமை மத்தியானம் படவிளக்கு வைத்துச் செவ்வாயைப் பற்றிப் பிரசங்கம் செய்யப் போகிறான். கூட்டத்துக்குத் தலைமை அதே ஓவர்சியர். "நீ வாக்கா, நானே அவர்ட்ட சொல்லுதேன்" என்று சொல்லி, அந்த வரைபட நகலையும் போன வாரமே வாங்கிக்கொண்டு போயிருந்தான். அதை நம்பிச் சாரம்மாள் புருஷன் அப்பாத்துரையோடு நடந்தே வந்து சேர்ந்தாள். வாசலிலேயே தம்பி அவளை ஓரங்கட்டினான்.

"இன்னைக்கு வேண்டாம்க்கா. பெரிய மனுசர் மனசு கோணிரும். அண்டசராசரத்தப் பத்திப் பேசுத இடத்துல வயக்காட்டுத் தண்ணியப் பேசலாமா?"

"நீ படிச்சது அந்த வயக்காட்டு நெல்லுலதாம்லே" என்றாள் சாரம்மாள். அவன் காதில் வாங்காமல் உள்ளே போய்விட்டான்.

ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, பட்டப்பகலை இருட்டாக்கியிருந்தார்கள். அந்த இருட்டில் அறிவு பரவத் தொடங்கியது. செவ்வாயின் துருவத்தில் பனி உருகுகிறதாம். அங்குள்ள ஞானிகள் ஆயிரக்கணக்கான மைலுக்கு வாய்க்கால் வெட்டிக் கடைசி வயல் வரை கொண்டுபோகிறார்களாம். சீமையில் ஒரு துரை தூரதிருஷ்டிக் கண்ணாடியில் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டாராம். கோட்டைப் பார்த்தாரா, தண்ணீரைப் பார்த்தாரா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்புறம் திரையில் படம் விழுந்தது. சிவப்பு வட்டம், உள்ளே கறுப்புக் கோடுகள். சாரம்மாள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். மேலே அணைக்கட்டு. அதன் கீழே இரட்டை வளைவு. வலப்பக்கம் குளம். கோட்டின் கடைசியில் ஜெபநல்லூர். செவ்வாய்ப் படம் கிடைக்காமல், ஓவர்சியர் அனுப்பிய வரைபடத்தையே கண்ணாடியில் நகலெடுத்துச் சிவப்பு மை பூசியிருக்கிறான், பாவிப்பயல்.

ஓவர்சியர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "பாருங்கள், கடைமடை வரைக்கும் ஒரே சீராகப் போகிறது. இதுவல்லவோ நிர்வாகம்! நம் ஜில்லாவில் இப்படி ஒரு வாய்க்காலை நான் பார்த்ததே இல்லை" என்றார். அது மட்டும் சத்தியமான வார்த்தை.

சபை கைதட்டியது. விளக்கு வெளிச்சத்தில் முன்வரிசையில் பண்ணையார் தெரிந்தார். அவர் காலடியில் வாயைப் பிளந்துகொண்டு சுடலையாண்டியும் அந்த மூன்று பேரும். செவ்வாய்க்காரனைப் படத்தில் காட்டப்போகிறார்கள் என்று பண்ணையாரே கூட்டி வந்திருந்தார். சாரம்மாள் விறுவிறுவென்று வெளியே வந்து, வாசலில் நின்ற புருஷனைக் கூப்பிட்டாள்.

"சுடலையாண்டி கூட்டத்தோட இங்கன உக்காந்திருக்கான். பலகையில ஆளே கெடையாது. பைய போயி எடுத்துருங்க."

"தண்ணி நம்மூரு வர மூணு மணி நேரம் ஆகுமேட்டி" என்றான் அப்பாத்துரை.

"நேரத்த நான் பாத்துக்கிடுதேன். நீங்க போங்க."

அவள் திரும்பி வந்தபோது தம்பி நன்றி சொல்ல வாயெடுத்திருந்தான். சாரம்மாள் எழுந்து நின்றாள். படத்தின் வண்டவாளத்தை அக்கா சபையில் அவிழ்த்துவிடப் போகிறாள் என்று அவன் அவசரமாகப் படக்கண்ணாடியை விளக்கிலிருந்து உருவினான்.

"ஒரு சந்தேகம். அங்கன மடை தெறக்குத ஆளு என்ன சாதி?"

அவ்வளவுதான். முடிய இருந்த கூட்டம் அப்போதுதான் தொடங்கியது. மடை திறப்பவன் தாழ்ந்தவனாகத்தான் இருக்கவேண்டும் என்றார் ஒருவர். மடை கையில் இருந்தால் அவன் எப்படித் தாழ்ந்தவன் ஆவான் என்றார் பண்ணையார், அனுபவத்தில். செவ்வாய்க்காரர்கள் கிறிஸ்து வேதத்துக்கு வந்தால் கோயிலில் முன்னால் உட்காருவார்களா, பின்னால் பாய் போடுவதா என்று உபதேசியார் கவலைப்பட்டார். பின்னால்தான் என்று நாலு பேர் ஒரே குரலில் தீர்த்தார்கள். செவ்வாயிலேயே பிறந்த பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் உண்டா என்று ஒரு வக்கீல் கேட்டார். அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் ஓடியது. சூடு தணிகிற போதெல்லாம் சாரம்மாள் இன்னொரு சந்தேகத்தை எடுத்துப் போட்டாள். கூட்டம் கலையும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

ஊர் எல்லையிலேயே அவளுக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வரப்பில் உட்கார்ந்து ஆசை தீர அழுதாள். அன்றே சுடலையாண்டி பலகையைத் திரும்பப் போட்டுவிட்டான். யார் எடுத்தது என்று அவன் விசாரிக்கவில்லை. விசாரித்தால் முதல் அடி அவனுக்குத்தான். ஆனால் வயலுக்குள் வந்த தண்ணீர் வந்ததுதான்.

திங்கட்கிழமை ஓவர்சியர் ஜட்கா வண்டியில் ஜெபநல்லூருக்கே வந்து இறங்கினார். செவ்வாய் நிர்வாகம் மனசைத் தொட்டுவிட்டதாம். வயலில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தார். மனுவை எடுத்துச் சாரம்மாள் கையிலேயே கொடுத்தார்.

"படம் பொய் சொல்லாதும்மா. இனிமேல் பொய் மனுப் போட்டுச் சர்க்காரைத் தொந்தரவு பண்ணக்கூடாது" என்றார்.

சாரம்மாள் மனுவை வாங்கி மடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் அப்பாத்துரை ஜெயிலுக்குப் போவான், பண்ணையார் போகமாட்டார். "சரிங்கய்யா" என்று மட்டும் சொன்னாள்.

கதிர் முற்றி அறுப்புக்கு வர இன்னும் ஒரு தண்ணீர் வேண்டும். மறுநாள் காலையில் அவள் மறுபடி ஐந்து மைல் நடந்து, தம்பி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அடுத்த வாரம் எந்தக் கிரகம்லே?" என்று கேட்டாள். "எதுன்னாலும் சரி, படத்த மட்டும் நெறைய போடு. சுடலையாண்டிக்கு முன்வரிசையில இடம் வச்சிரு."