முப்பத்தொரு பொன்னாயி

"ஊர் எதுன்னா ஊர்ப் பேர எழுதோணும், தனபால்ண்ணா..."

"அவங்க சொன்னதத்தான ஷாஹிஸ்தா நான்..."

"அதுக்காக அத்தனை பேருக்கும் கொல்லிமலையா?"

"பேன்ட்டு போட்டுட்டுக் கீழிருந்து போயி நின்னா எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. நான் என்ன, ஊட்டின்னு எழுதறதா?"

கொல்லிமலை மேலே, செம்மேட்டு விதை ஆராய்ச்சி ஆபீசில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் ஷாஹிஸ்தா உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் வீடு வீடாகப் போய் விதையும் விவரமும் வாங்கி வந்தவன் தனபால்; விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் அவள். இருவருக்கும் நடுவே, அதே மலையின் குண்டூர் நாட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்த பொன்னாயி, வெறும் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

தனபால் வந்த அன்றைக்குத் தன் சாமையில் ஒரு படி கொடுத்திருந்தாள்; அதில் கொஞ்சம் திருப்பிக் கேட்க வந்திருந்தாள். வீட்டில் இருந்த மிச்சத்தைப் பூச்சி தின்றுவிட்டது. அந்தச் சாமை அக்கம்பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லை. மழை பெய்திருந்தது, காட்டில் ஈரம் காய்வதற்குள் விதைத்தாக வேண்டும். பின்னறையில் சாமைப் பைகள் அடுக்கியிருந்தன, மேலே எண் மட்டும். எந்த எண் யாருடையது என்பது கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்.

கம்ப்யூட்டர் தெரிந்ததைச் சொன்னது. பயிர்: சாமை. ஊர்: கொல்லிமலை. பெயர்: பொன்னாயி. அப்படி முப்பத்தொரு பேர் வந்தார்கள்.

"எங்க ஊர்லயே நாங்க நாலு பேருங்க," என்றாள் பொன்னாயி, உதவியாக.

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருந்துச்சே," என்றான் தனபால். "அதுல ஆளுக்கு ஒண்ணு எழுதியிருப்பனே."

ஷாஹிஸ்தா மேஜை இழுப்பறையைத் திறந்தாள். 'மோர் கொடுத்தாங்க', 'வழி வழுக்கல்', 'கிழவி திட்டியது' எல்லாம் ஆராய்ச்சி ஆகாது என்று அவளாகவே முடிவு செய்து, அந்தக் கட்டத்தை முழுசாக அழித்திருந்தாள். பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்று மேலதிகாரி பாராட்டியும் இருந்தார்.

"அழிச்சுட்டியா புள்ள?"

"அழிக்கறதுக்கு முந்தி எடுத்து வெச்ச பிளாப்பி இருக்குதுண்ணா." அவள் பொன்னாயி பக்கம் திரும்பினாள். "ஏனுங்கம்மா, இவரு உங்க ஊட்டுக்கு வந்தப்ப என்ன நடந்துச்சுங்க?"

"எங்க நாயி இந்தச் சாமியக் கடிச்சுப்போட்டுது கண்ணு."

தனபால் ஜன்னலைப் பார்த்தான்.

பிளாப்பி கரகரத்துத் திறந்தது. 'நாய் கடித்தது' என்று தேடினாள். முப்பத்தொரு பொன்னாயி மூன்றாகக் குறைந்தார்கள். மூன்று வீட்டு நாயும் கடித்திருந்தது.

பொன்னாயி திரையைப் பார்த்தாள். பிறகு தனபாலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எங்க நாயி கடிச்சது சொல்லக்கூடாத எடத்துலீங்களே சாமி, அத எழுதி வெச்சீங்களா?"