வேணாம்னா வேணாம்

மனைவி மறுபடியும் பஸ் ஓட்டப் போன அன்று காலை, அவன் தன் செல்போன் ரிப்பேர் கடையின் கண்ணாடியில் ஓர் அட்டையை ஒட்டினான். 'குழந்தை சாப்பிடுகிறது. காத்திருக்கவும். அவசரமென்றால் வேறு கடைக்குப் போகவும்.' கடைசி வரி வேண்டாமென்று மனைவி சொல்லியிருந்தாள். அதைத்தான் அவன் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். நடுவில் இடுப்பளவுக்கு ஒரு மரத்தடுப்பு. அந்தப் பக்கம் பூதக்கண்ணாடி விளக்கு, கடுகைவிடச் சின்ன ஸ்க்ரூக்கள், செத்துப்போன பேட்டரிகள். இந்தப் பக்கம் உயரமான நாற்காலி, அதில் ஒன்பது மாத மகள். வீட்டில் அவளை வாண்டு என்றுதான் கூப்பிட்டார்கள். தடுப்பைத் தாண்டி இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் அவன் சோப்புப் போட்டுக் கை கழுவினான்.

அவளுடைய சாப்பாட்டுத் திட்டம் இரண்டு பேரும் சேர்ந்து போட்டது. கிளினிக் நர்ஸிடம் கேட்டு, பஸ் ஷிஃப்டுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திக்கொண்டார்கள். கண் விழித்ததும் அம்மாவிடம் பால். அம்மா கிளம்பிப் போய்க் கொஞ்ச நேரம் கழித்து ஓட்ஸ் கஞ்சியோ மசித்த வாழைப்பழமோ. ஒரு தூக்கம் போட்டு எழுந்ததும், அம்மா எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போன தாய்ப்பால். மதியம் பருப்பும் காய்கறியும். மிக்ஸியில் அரைக்காமல், நாக்குக்குக் கொஞ்சம் வேலை இருக்கிற மாதிரி முள்கரண்டியால் மசித்தது. அம்மா திரும்பி வந்ததும் பால். இரவு எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அவளுக்கும் ஒரு கிண்ணம், படுக்கும் முன் பால். உப்பு, சர்க்கரை, தேன் கிடையாது. பாலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இடைவெளி கட்டாயம். இல்லாவிட்டால் பாலிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு, கிண்ணத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். எவ்வளவு என்பதை வாண்டு முடிவு செய்வாள். இது அவன் சேர்த்த விதி.

முதல் வாரத்திலேயே ஒரு வாடிக்கையாளர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "வீட்ல பொம்பளைங்க யாரும் இல்லையா?"

"இருக்காங்க. பஸ் ஓட்டப் போயிருக்காங்க."

"அப்ப குழந்தைக்கு யாரு ஊட்டுறது?"

அவன் கையில் கிண்ணம் இருந்தது. சட்டையெல்லாம் ஓட்ஸ் அப்பியிருந்தது. "பக்கத்து வீட்டுக்காரர் வருவாரு," என்றான்.

அவர் போனை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். அவன் அட்டையை எடுக்கவில்லை.

அடுத்த வாரம் மாமியார் பெட்டியோடு வந்து இறங்கினார். ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பேத்தியின் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை இது, காத்தடிச்சா பறந்துடுவா போலிருக்கே."

"எடையெல்லாம் சரியாத்தான் இருக்கு அத்தை. போன வாரம்தான் கிளினிக்ல பார்த்தாங்க."

"மெஷினுக்கு என்ன தெரியும்."

அன்றிலிருந்து வாண்டு சிணுங்கினால் பால், கொட்டாவி விட்டால் பால், சும்மா இருந்தாலும் பால். மதியக் கிண்ணத்தைக் காட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். உடனே மாமியார், "பார்த்தீங்களா, நீங்க குடுக்கறது பிடிக்கல," என்றார். அவன் பொறுமையாகச் சொன்னான். கொஞ்சம் குரலை உயர்த்தியும் சொன்னான். மாமியார் அசைந்து கொடுக்கவில்லை. அத்தோடு விடாமல் மகளிடம், "உனக்கு வேலை முக்கியம், அவருக்குக் கடை முக்கியம், நடுவுல இந்தக் குழந்தை காயுது," என்று ஓதத் தொடங்கினார்.

மனைவி அதை உள்ளுக்குள் வாங்கிக்கொண்டாள். நாளெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அதையே நினைத்திருப்பாள் போல. ஒரு மாலை, மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "ஒருவேளை அம்மா சொல்றது சரியா இருக்குமோ?"

"எது சரி?"

"தெரியல. நான்தான் பக்கத்துல இல்லியே."

அவனுக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. பக்கத்தில் இல்லை என்று அவளைச் சொல்ல வைத்தவர்கள் மேல்.

மறுநாள் பகலில், ஒரு போனின் திரையைச் சூடுகாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான். உள்ளே பொம்மைப் பாட்டுச் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே ஓர் இருமல், உடனே இன்னொன்று. போட்டது போட்டபடி ஓடினான். மாமியார் மடியில் வாண்டு மல்லாக்கப் படுத்திருந்தாள். கண் போனில், வாயில் பால் பாட்டில். பாட்டிலுக்குள் பால் இல்லை. கூழாகக் கரைத்த ஓட்ஸ். அது இறங்குவதற்காக ரப்பரின் நுனியை வெட்டியிருந்தார்.

அவன் மகளை வாங்கி நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டான். அவள் இருமி, கக்கி, முகம் சிவந்து, கடைசியில் பெரிய குரலெடுத்து அழுதாள். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவனுக்கே மூச்சு வந்தது. பாட்டிலை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டான்.

"அது சாப்பாடு மாப்பிள்ளை. குப்பையில போடறீங்க."

"வாயில அடைக்கறதுக்குப் பேரு சாப்பாடு இல்ல அத்தை."

"என் அஞ்சு பிள்ளைங்களும் இப்படித்தான் வளர்ந்தாங்க. என்ன கெட்டுப்போச்சு?"

"அவங்களுக்குக் கெடாம இருந்திருக்கலாம். இவளுக்கு இப்பப் புரையேறுச்சு, நான் பார்த்தேன். இனிமே இந்த வீட்ல படுக்க வச்சு ஊட்டக் கூடாது. பாட்டில்ல பால் தவிர எதுவும் கூடாது. தூங்கி எழுந்தா பால், மதியம் கிண்ணம். நடுவுல யாரும் எதுவும் குடுக்கக் கூடாது."

"யாரும்னா யாரு, நானா?"

"ஆமா. நீங்கதான்."

மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனில் மகனைக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். ஹார்ட்வேர் கடைக்காரர். எதையும் ஆணி அடித்த மாதிரிதான் பேசுவார். மனைவி அரை ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தாள். அவள் தண்ணீர் குடித்து முடிக்கும்வரைகூட அண்ணன் பொறுக்கவில்லை.

"குழந்தை கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டும். தானா சாப்பிடற வயசு வந்ததும் கூட்டிட்டு வந்துக்கலாம். மாப்பிள்ளையும் நிம்மதியா கடையைப் பார்ப்பாரு. ஆம்பளைக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்."

"குழந்தை எங்கயும் போகாது மச்சான்," என்றான் அவன்.

"சரி, அப்ப எங்க கண்ணு முன்னாடி ஊட்டிக் காட்டுங்க," என்றார் மாமியார்.

மதியக் கிண்ணத்துக்கு நேரமாகியிருந்தது. பாலுக்குப் பிறகு போதுமான இடைவெளியும் விட்டாயிற்று. பருப்பும் கேரட்டும் மசித்துத் தயாராக இருந்தன. அவன் வாண்டுவை நாற்காலியில் உட்கார வைத்து எதிரே உட்கார்ந்தான். முதல் வாய் வாங்கினாள். இரண்டாவது வாயும் வாங்கினாள். மாமாவின் மீசையைப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

அவன் காத்திருந்தான். மறுபடி நீட்டினான். அவள் தலையைத் திருப்பினாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்து நீட்டியபோது, கையால் கரண்டியைத் தட்டிவிட்டாள். கேரட் மச்சானின் சலவைச் சட்டையில் போய் விழுந்தது.

அவனுக்குக் காது சுட்டது. போனில் பொம்மையைக் காட்டினால் வாயைத் திறப்பாள் என்று அவனுக்குத் தெரியும். சிரிக்கும்போது சட்டென்று ஒரு கரண்டியை உள்ளே தள்ளிவிடலாம் என்பதும் தெரியும். நாலு வாய் போனால் போதும், இன்றைக்கு இந்த வீட்டில் அவன் ஜெயித்துவிடுவான். கையும் ஒரு கணம் சட்டைப் பையிலிருந்த போனுக்குப் போனது.

பிறகு கரண்டியைக் கிண்ணத்தில் போட்டான். ஈரத்துணியால் மகளின் வாயைத் துடைத்து, இடுப்பு வாரைக் கழற்றி, அவளைத் தூக்கிக்கொண்டான்.

"அவ்வளவுதானா?" என்றார் மாமியார்.

"அவ்வளவுதான். வேணாம்னு சொல்லிட்டா. இந்த வீட்ல இவ வேணாம்னா வேணாம். சாயங்காலம் பால் இருக்கு, ராத்திரி கிண்ணம் இருக்கு. பசிச்சா சாப்பிடுவா."

"பார்த்தியாடா? ரெண்டு வாய். இதுக்குப் பேரு ஊட்டறதாம். மூக்கைப் பிடிச்சா வாய் தானா திறக்கும். இவளை அப்படித்தான் வளர்த்தேன்," என்று மாமியார் மகளைக் காட்டினார்.

மனைவி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"ஆமாம்மா, அப்படித்தான் வளர்த்தே," என்றாள். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நீ என் காலை உன் முழங்காலால அமுக்கிப்பே. மூக்கைப் பிடிப்பே. நான் மூச்சுக்காக வாயைத் திறந்தா கரண்டி உள்ள வரும். வாந்தி எடுத்தா, மறுபடியும் முதல்ல இருந்து. இன்னைக்கும் யாராவது என் முகத்துக்குப் பக்கத்துல கையைக் கொண்டு வந்தா எனக்கு வயித்தைப் பிரட்டும். உன் மாப்பிள்ளைக்குத் தெரியும், கேட்டுப் பாரு."

"உன் நல்லதுக்குத்தான்டி செஞ்சேன்."

"தெரியும்மா. அதனாலதான் இத்தனை வருஷம் சொல்லல. ஆனா என் பொண்ணோட மூக்கை யாரும் பிடிக்க மாட்டாங்க. நீயும்தான்."

மச்சான் தொண்டையைச் செருமினார். "இப்ப என்ன முடிவு?"

"முடிவு முன்னாடியே எடுத்தாச்சுண்ணே," என்று அவள் கணவன் பக்கத்தில் போய் நின்றாள். "அவரு சொல்றதுதான். உன் சட்டையைக் குடு, துவைச்சுத் தரேன்."

சட்டையைத் தராமலே மச்சான் கிளம்பினார். மாமியாரும் பெட்டியைக் கட்டிக்கொண்டார். வாசலில் நின்று பேத்தியைப் பார்த்தார், மருமகனைப் பார்க்கவில்லை. அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தபோது அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் இருங்க அத்தை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவர் இருந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சுலபமாக இல்லை. சில நாள் கிண்ணம் காலியானது. சில நாள் அப்படியே திரும்பி வந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்; பொறுமையாகக் காத்திருந்து போனை வாங்கிப் போனவர்களும் உண்டு. கிளினிக்கில் எடை பார்க்கும் நாளன்று அவன் நர்ஸின் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றான். நர்ஸ் எடை அட்டையில் கோடு போட்டுப் பார்த்து, "அவ பாதையில அவ போயிட்டிருக்கா. இப்படியே பண்ணுங்க," என்றாள். வெளியே வந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கையில், அவன் வாண்டுவின் தலையில் ஒரு முத்தம் கொடுத்தான். அவள் அவன் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தாள்.

மாமியாரிடமிருந்து ஒரு மாதத்துக்கு மேல் பேச்சில்லை. பிறகு ஒரு மதியம் போன் வந்தது, மகளுக்கு அல்ல, அவனுக்கு.

"என்ன சாப்பிட்டா?"

"உருளைக்கிழங்கும் பட்டாணியும் அத்தை."

"எவ்வளவு?"

"பாதி உள்ள போச்சு. மீதி தலையில."

அந்தப் பக்கம் அவர் ஏதோ ஒன்றைச் சொல்ல வந்து விழுங்குவது கேட்டது.

"அடுத்த வாரம் வரலாம்னு பார்க்கறேன்," என்றார்.

"வாங்க அத்தை. தாராளமா வந்து இருங்க. ஆனா அவ சொல்றதை நீங்களும் கேக்கணும்."

"ஒன்பது மாசக் குழந்தை என்னத்தைச் சொல்லும்?"

"இப்ப பத்து முடிஞ்சுடுச்சு. நல்லாவே சொல்றா," என்றான் அவன்.