ஆக்சிஜன் குறைந்த ஆறு நிமிடம்

சிலி நாட்டின் தென்கோடியில், புந்தா அரேனாஸ் விமானத் தளத்தில் எனக்கு வானொலி அறையில் வேலை. அந்த செப்டம்பரில், தென் துருவத்து ஓசோன் எங்கே காணாமல் போகிறது என்று பார்க்க ஓர் ஆராய்ச்சி விமானம் வந்திருந்தது. ஓட்டுகிற ஆளுக்கு மட்டும்தான் இடம். மற்ற விமானங்கள் எட்டாத உயரத்தில் பனிக்கண்டத்துக்கு மேலே போய்த் திரும்பும்.

அதை ஓட்டிய ஆர்துரோ லெய்வா டெக்சாஸ்காரர். வீட்டில் எங்கள் ஸ்பானிய மொழிதான் பேசி வளர்ந்தவர், ஆனால் வார்த்தையில் மகா கஞ்சன். அரை மணிக்கு ஒரு முறை எரிபொருள், உயரம், குளிர், ஓசோன் என்று நாலு எண் சொல்வார், எப்போதும் அதே வரிசையில். அதோடு சரி. மூன்று வாரமாக எனக்கு அவர்மேல் ஆசை என்பது அவரைத் தவிர தளத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"மிலேனா, அந்த ஆளு பேசினா மீட்டர் ஓடுமோ?" என்பான் பக்கத்து மேசை ஏர்னான்.

"நீ மாத்தே டீ குடிக்கிற வேலையைப் பாரு" என்பேன்.

அன்று நண்பகல். குறிப்புத்தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன். அவர் குரல் வந்தது, மெதுவாக, மிதந்து.

"மிலேனா, கேக்குதா? இங்க மேகமெல்லாம் சிப்பியோட உள்பக்கம் மாதிரி மின்னுது. ரோஸ், பச்சை. தலைக்கு மேல வானம் கறுப்பா இருக்கு. கீழ வெள்ளை, முடியவே மாட்டேங்குது."

"கேக்குது" என்றேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை.

"ஓசோன் முள்ளு இறங்கிக்கிட்டே வருது. ரெண்டு... ஒண்ணு... அரை. பாவம்." சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. "உன் குரல் மூணு வாரமா என் தலைக்கவசத்துக்குள்ளயே குடியிருக்கு, தெரியுமா?"

அறை கரைந்து போனது. ஜன்னலைக் காற்று உலுக்குவது எங்கோ தூரத்தில் கேட்டது. நானும் அந்த முத்துநிற மேகங்களுக்கு நடுவில் கால் தரையில் படாமல் இருந்தேன். ஏர்னான் வாயைப் பிளந்து பார்த்தான்.

"உங்க ஊர் நீரிணை ஓரமா ஒரு வீடு தெரியுது. சிவப்புத் தகரக் கூரை. நீ வாசல்ல நிக்கிற."

பென்சில் தாளின்மேல் நின்றது. எரிபொருள் கட்டம் காலி. உயரம் காலி. அவர் எரிபொருளை விட்டதே கிடையாது.

அவருக்கு உயரத்தில் பறப்பதற்கான காப்புடை மாட்டிவிடும் ஆட்கள் முதல் வாரமே எங்களிடம் சொல்லியிருந்தார்கள். அந்த உயரத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டாது. சந்தோஷம்தான் வரும், பிறகு தூக்கம், அதோடு முடிந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் இன்னும் ஒரே ஒரு வாக்கியம் கேட்க ஆசைப்பட்டேன், கேட்கவும் செய்தேன். இன்றைக்கும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

"வர்றியா, மிலேனா? அங்க ரெண்டு பேரும்..."

"லெய்வா! அவசர ஆக்சிஜன் குமிழை இழுங்க!"

"ஏன் கத்தற கண்ணு? இப்பத்தான் நல்லா இருக்கு."

"இழுடா! உங்கம்மா மேல ஆணையா இழு!"

"சரி... சரி..."

அப்புறம் இரைச்சல் மட்டும். ஏர்னான் எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். எத்தனை முறை அவர் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்று தெரியாது. தொண்டை கட்டிவிட்டது.

"எரிபொருள் அறுநூத்தி நாப்பது." வறண்ட குரல். "உயரம் குறைக்கிறேன். திரும்பி வர்றேன்."

மேசையில் தலையைச் சாய்த்து அழுதேன்.

பிற்பகலில் பத்திரமாக இறங்கினார். காற்றுக்குழாயில் மயிரிழை விரிசல் என்றார்கள். உடையைக் கழற்றிவிட்டு, வியர்வையில் ஒட்டிய தலைமுடியோடு நேரே எங்கள் அறைக்கு வந்தார்.

"நீங்க கத்தலைன்னா நான் இல்லையாம். ரொம்ப நன்றி." தயங்கினார். "ஆறு நிமிஷம் எனக்குச் சுத்தமா ஞாபகம் இல்ல. ஏதாவது உளறினேனா?"

ஏர்னான் வாயைத் திறந்தான். மேசைக்கு அடியில் அவன் காலை ஓங்கி மிதித்தேன்.

"இல்லீங்க" என்றேன். "மேகத்தைப் பத்திக் கொஞ்சம் சொன்னீங்க. அவ்வளவுதான்."

"அப்பாடா" என்றார். நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து நிம்மதியாக விட்டார்.

அவர் அப்படி மூச்சு விடுவதைப் பார்க்கத்தான் அவ்வளவு கத்தினேன். ஆனாலும் அந்த "அப்பாடா" என்னைக் கொன்றது.